குறி தப்புவது ஏன்?



நெடுங்காலம் வகுப்பறையில் சுண்ணக்கட்டியும் கையுமாக நின்று, பின்னர்த் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன், இன்று துப்பாக்கியைப் பற்றிப் பேச முன்வந்திருப்பது உங்களுக்கு வியப்பை அளிக்கலாம். எடுத்துக்கொண்ட பொருள் துப்பாக்கிதான் என்றாலும், நான் சொல்ல விரும்புவது பிழையைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழியின் வரலாறு. ஒரு கருவி குறி தப்புகிறது. அதற்குக் காரணம் யாது? கருவியா, கருவியைக் கையாளும் மனிதனா, அல்லது இவ்விரண்டுக்கும் புறம்பான வேறொன்றா? இந்த வினாவிற்கு விடை காண அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறார்கள். அவர்களுள் தலையாய ஒருவர் நம் கடலூரிலேயே உயிர் நீத்தார் என்பது நம்மிற் பலர் அறியாத செய்தி.

கல்லூரியில் படித்த காலத்தில் நான் தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். முகாம் ஒன்றில் எங்களுக்குச் சிறு துப்பாக்கி கொடுத்து, 25 கஜத்துக்கு அப்பால் இருந்த அட்டையில் ஐந்து முறை சுடச் சொன்னார்கள். நான் சுட்ட ஐந்து குண்டுகளும் அட்டையின் இடது கீழ் மூலையில், ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடத்தக்க இடத்தில், நெருங்கி விழுந்திருந்தன. நடுவில் ஒன்றேனும் இல்லை. எனக்கு அடுத்துச் சுட்ட நண்பனுக்கோ ஒரு குண்டு நடுப்புள்ளியிலேயே பாய்ந்திருந்தது. மற்றவை நாலா திசையிலும் சிதறியிருந்தன. நண்பன் மகிழ்ந்தான், நான் நாணித் தலைகுனிந்தேன். பயிற்சியளித்த ஹவில்தார் இரண்டு அட்டைகளையும் பார்த்துவிட்டு என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "தம்பி, நீ சரியாகத்தான் சுட்டிருக்கிறாய். துப்பாக்கியின் பார்வைக்குறி விலகியிருக்கிறது. அதைத் திருத்தினால் தீர்ந்தது. ஆனால், உன் நண்பனுக்கு நான் இன்னும் ஒரு வாரம் பாடம் நடத்த வேண்டும்" என்றார். பிறகு அத்துப்பாக்கியை மணல் மூட்டையின்மேல் அசையாது கிடத்தித் தாமே சுட்டுக் காட்டினார். அவருடைய குண்டுகளும் அதே இடது கீழ் மூலையில்தான் விழுந்தன.

பிழைகளில் இரண்டு வகை உண்டு என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். எல்லாம் ஒரே பக்கமாக விலகும் பிழை ஒன்று; ஒழுங்கின்றிச் சிதறும் பிழை மற்றொன்று. முன்னதற்குக் காரணம் ஒன்றாக இருக்கும். அதைத் திருத்துவது எளிது. பின்னதற்கோ எங்கேயோ ஏதோ ஒன்று ஒவ்வொரு முறையும் நிலை மாறுகிறது என்று பொருள். அது எது என்று கண்டுபிடிப்பதே அரிய செயல். துப்பாக்கியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டாம் வகைப் பிழையோடு மனிதன் நடத்திய போராட்டமே ஆகும்.

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியப் படைகள் ஏந்திய துப்பாக்கியின் குழல் உட்புறம் வழுவழுப்பானது. அதனுள் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை உருட்டிவிட்டு, கோலால் இடித்துச் சுடுவார்கள். விரைவாக இட வேண்டும் என்பதற்காகக் குண்டைக் குழலின் வாயினும் சிறிதாகவே வார்ப்பார்கள். ஆங்கிலேயப் படையின் துப்பாக்கிக் குழல் ஏறத்தாழ முக்கால் அங்குல அகலம்; குண்டு அதைவிட ஓர் அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. இந்த இடைவெளியால் குண்டு குழலின் உள்ளே இப்புறமும் அப்புறமும் மோதிக்கொண்டே வெளிவரும். கடைசியாக எந்தப் பக்கத்தில் மோதியதோ அதற்கேற்பத் திசை மாறும். நன்கு பழகிய வீரன் ஒரு நிமிடத்தில் மூன்று முறை சுடலாம். ஆனால், 100 கஜத்துக்கு அப்பால் நிற்கும் ஒருவனைக் குறிவைத்து வீழ்த்துவது பெரும்பாலும் தற்செயலே. 200 கஜ தூரத்தில் குறிவைப்பதே வீண் என்று ஜார்ஜ் ஹேங்கர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி 1814-இல் எழுதினார். வரிசை வரிசையாக வீரர்களை நிறுத்தி, ஒரே நேரத்தில் எல்லோரையும் சுடச் செய்யும் போர்முறை தோன்றியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒருவன் குறி தப்பினாலும் நூறு பேரில் சிலராவது தப்பமாட்டார்கள் அல்லவா?

குண்டு ஏன் விலகுகிறது என்று முறையாக ஆராயப் புகுந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயர். அவர் 1707-இல் பாத் நகரில் பிறந்தார். பெற்றோர் படைக்கலம் ஏந்துவதையே வெறுக்கும் குவேக்கர் சமயத்தினர். கணிதத்தில் வல்லவரான அவர் தமது இருபதாம் வயதிலேயே ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1742-இல் பீரங்கிக் கலையின் புதிய நெறிகளைப் பற்றி அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. பெருங்கணித மேதையான ஆய்லர் 1745-இல் அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விரிவுரையும் எழுதினார் என்றால் அதன் சிறப்பை நீங்களே உணரலாம்.

ராபின்ஸ் செய்த முதற்பணி குண்டின் வேகத்தை அளந்தது. கண்ணுக்கே புலப்படாது பறக்கும் குண்டை எப்படி அளப்பது? கனத்த மரப்பலகை ஒன்றை ஊசல்போல் தொங்கவிட்டார். குண்டு அதில் பாய்ந்து தங்கும். பலகை பின்னே ஆடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை, பலகையில் பொருத்திய நாடா ஒன்று காட்டிவிடும். பலகையின் எடையும் குண்டின் எடையும் தெரியுமாதலால், நியூட்டனின் விதிகளைக் கொண்டு வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். துப்பாக்கிக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,700 அடி வேகத்தில் செல்கிறது என்பது இவ்வாறு தெரிய வந்தது. பலகையைத் தொலைவில் வைத்து மறுபடியும் அளந்தபோது, வேகம் பெரிதும் குறைந்திருக்கக் கண்டார். காற்றின் தடை மிகச் சிறியது, அதைப் புறக்கணித்துவிடலாம் என்றே அதுகாறும் பலர் எண்ணியிருந்தனர். அத்தடை குண்டின் எடையைப் போல் நூறு மடங்குக்கும் மேற்பட்டது என்பதை ராபின்ஸ் மெய்ப்பித்தார்.

அடுத்து அவர் செய்த சோதனையை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். துப்பாக்கிக் குழலை அசையாத ஒரு சட்டத்தில் இறுகப் பொருத்தினார். எங்கள் ஹவில்தாரின் மணல் மூட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்! மனிதனின் கை நடுக்கம் இனிக் காரணமாக இருக்க முடியாது. குழலுக்கு முன்னே 50 அடியிலும் 100 அடியிலும் மெல்லிய தாள் திரைகளைத் தொங்கவிட்டார். 300 அடியில் ஒரு சுவர். குண்டு துளைத்த இடங்களை ஒவ்வொரு திரையிலும் குறித்துக்கொண்டார். புறப்படும்போதே குண்டு கோணலாகப் புறப்பட்டது என்றால், 100 அடியில் விலகிய அளவைப் போல் மூன்று மடங்கு 300 அடியில் விலகியிருக்க வேண்டும். இது வகுப்பில் நீங்கள் படிக்கும் நேர்விகிதக் கணக்குத்தான். ஆனால், சுவரில் கண்ட விலகல் அந்தக் கணக்கை மீறியிருந்தது. சில வேளைகளில் முதல் திரையில் ஒரு பக்கம் விலகிய குண்டு சுவரில் மறு பக்கம் போய் விழுந்தது. ஆகவே, குண்டு குழலுக்குள் மட்டும் கெட்டுப்போகவில்லை. காற்றில் பறக்கும்போதும் வளைகிறது.

ஏன் வளைகிறது? குழலின் சுவரில் உரசி வரும் குண்டு சுழன்றுகொண்டே வெளிவருகிறது. அந்தச் சுழற்சியால் ஒரு பக்கத்துக் காற்று அதை மறு பக்கத்துக்குத் தள்ளுகிறது என்று ராபின்ஸ் கருதினார். கருதியதோடு நின்றாரல்லர். ஒரு துப்பாக்கிக் குழலின் முனையை வேண்டுமென்றே சற்று இடப்புறமாக வளைத்தார். அக்குழலிலிருந்து குண்டு இடப்புறமாகப் போகும் என்றே எவரும் சொல்வர். ராபின்ஸோ, வளைவின் வலப்பக்கச் சுவரில் உருண்டு வருவதால் குண்டு சுழற்சி பெற்று, இறுதியில் வலப்புறம் திரும்பும் என்றார். சுட்டுப் பார்த்தபோது குண்டு முதல் திரைகளை இடப்புறத்தில் துளைத்துச் சென்று, பின்னர் வலப்புறமாக வளைந்து சுவரில் பாய்ந்தது. இன்று பந்து விளையாட்டில் சுழன்று வளையும் பந்தைக் கண்டு நீங்கள் ஆரவாரம் செய்கிறீர்களே, அதற்குரிய காரணமும் இதுவே.

நோய் இன்னதெனத் தெரிந்தபின் மருந்தைச் சொல்வது அரிதன்று. குண்டின் சுழற்சியை முற்றிலும் தடுக்க இயலாது. ஆனால், கண்டபடி சுழல்வதற்குப் பதிலாக, அது செல்லும் திசையையே அச்சாகக் கொண்டு பம்பரம்போல் சுழலும்படி செய்துவிட்டால், ஒரு பக்கமாகத் தள்ளப்படாது. குழலின் உட்புறத்தில் திருகாணியின் புரியைப்போல் சுற்றிச் செல்லும் பள்ளங்களை வெட்டினால் இது கைகூடும். இத்தகைய புரிக்குழல் துப்பாக்கிகளை ஜெர்மானியக் கைவினைஞர்கள் 16-ஆம் நூற்றாண்டிலேயே செய்து வந்தார்கள். வேட்டைக்காரர்கள் அவற்றின் அருமையை அறிந்திருந்தார்கள். ஆனால், அது ஏன் நன்றாகச் சுடுகிறது என்பதற்குத் தக்க விளக்கத்தை 1747-இல் ராயல் சொசைட்டியின் முன் வைத்தவர் ராபின்ஸே. புரிக்குழலின் பயனை எந்த நாடு முழுமையாக உணர்ந்து கைக்கொள்கிறதோ, அது போரில் மற்ற நாடுகளை மிஞ்சும் என்றும் அவர் முன்னறிவித்தார்.

1749-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அவரைத் தங்கள் தலைமைப் பொறியாளராக நியமித்தார்கள். 1746-இல் பிரெஞ்சுக்காரரிடம் சென்னையை இழந்து, மீண்டும் பெற்றிருந்த காலம் அது. கோட்டைகளைச் செப்பனிட வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இருந்தது. 1750-இல் ராபின்ஸ் இங்கு வந்து சேர்ந்தார். கெடிலம் கடலோடு கலக்குமிடத்தில், தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டை அப்போது கம்பெனியின் தலைமையிடமாக விளங்கியது. அக்கோட்டைக்கும் சென்னைக் கோட்டைக்கும் அவர் திட்டங்கள் வகுத்தார். ஆனால், நம் நாட்டுக் காய்ச்சல் அவரை விட்டுவைக்கவில்லை. 1751 ஜூலை 29-ஆம் நாள், நாற்பத்து நான்காம் வயதில், அக்கோட்டையில் அவர் காலமானார். அதற்கு அடுத்த மாதந்தான் கிளைவ் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டார். 1758-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தனர். கடலூருக்குச் செல்லும் மாணவர்கள், நவீனக் குண்டியலின் தந்தை தம் இறுதி நாட்களைக் கழித்த ஊர் இது என்பதை ஒரு கணமேனும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ராபின்ஸ் காட்டிய வழியைப் படைகள் பின்பற்ற நூறாண்டுகள் ஆயின. காரணம் எளிது. புரிக்குழலில் குண்டு இறுகப் பொருந்தினால்தான் பள்ளங்கள் அதைச் சுழற்றும். இறுகப் பொருந்தும் குண்டையோ வாய்வழியே உள்ளே தள்ளுவது கடினம். அதுவும் சில முறை சுட்டபின் கரி படிந்துவிட்டால் மிகமிகக் கடினம். இடும்போது தளர்வாகவும், சுடும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு வேண்டும். முரணாகத் தோன்றும் இந்த விருப்பம் எவ்வாறு நிறைவேறியது?

இங்கே மீண்டும் தென்னிந்தியா குறுக்கிடுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்குப் பணியாற்றிய நார்ட்டன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர், நம் மக்கள் ஊதுகுழலால் அம்பெய்வதைக் கண்டாராம். அந்தச் சிற்றம்பின் அடிப்பாகத்தில் தாமரைத் தண்டின் நெட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஊதும்போது அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ள, மூச்சு வீணாகாமல் அம்பை உந்தியது. இதிலிருந்தே அடிப்புறம் குழிந்த, கூர்நுனி உடைய குண்டு ஒன்றை அவர் அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. அவருடைய அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1849-இல் பிரெஞ்சுக்காரராகிய மின்யே இதே தத்துவத்தில் வெற்றி கண்டார். தளர்வாக உள்ளே செல்லும் குண்டின் அடிக்குழிவு, வெடிமருந்து எரியும் அழுத்தத்தால் விரிந்து, புரிகளைப் பற்றிக்கொண்டது.

ஆங்கிலேயர் இம்முறையில் 1853-ஆம் ஆண்டு வகையான என்ஃபீல்டு துப்பாக்கியைச் செய்தார்கள். புரிக்குழலில் குண்டு தடையின்றிச் செல்லவும் கரி இளகவும், தோட்டாவின் தாளுறையில் கொழுப்புத் தடவ வேண்டியிருந்தது. அவ்வுறையைப் பல்லால் கடித்துக் கிழிப்பது படைப்பயிற்சியின் முறை. அந்தக் கொழுப்பு பசுவினுடையதும் பன்றியினுடையதும் என்ற செய்தி 1857-இல் வட இந்தியச் சிப்பாய்களிடையே பரவியது. ஏப்ரல் 24-ஆம் நாள் மீரத்தில் 90 குதிரை வீரர்களுள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர்; அவர்களைச் சிறையிலிட்டதன் எதிரொலியாக மே 10-ஆம் நாள் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதற்கு வேறு பல காரணங்களும் இருந்தன என்பதை வரலாறு படிக்கும் நீங்கள் அறிவீர்கள். குண்டு ஏன் விலகுகிறது என்று நூறாண்டுகள் ஆராய்ந்த ஒரு நாடு, அத்தோட்டாவைக் கடிக்க வேண்டிய மனிதனின் உள்ளத்தை ஒருநாளும் ஆராயவில்லை. அவர்கள் பெரிதாகக் குறி தப்பியது அங்கேதான்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் இயந்திரவியல் மேதை வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தார். திருகாணிப் புரிகளுக்கு ஒரே சீரான அளவை வகுத்தவர் அவர். ஓர் அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை அளக்கும் கருவியைச் செய்தவர். துப்பாக்கி செய்யும் இயந்திரங்களை அமைத்துத் தருமாறு அரசாங்கம் 1854-இல் அவரைக் கேட்டது. ஒரு துப்பாக்கி நன்றாகவும் மற்றொன்று மோசமாகவும் சுடுவதற்குக் காரணமே தெரியாதபோது எதைச் செய்வது என்று கேட்டு, முதலில் சோதனை செய்ய அவர் அனுமதி பெற்றார். மான்செஸ்டரில் தம் தோட்டத்தில் 500 கஜ நீளமுள்ள கூடம் ஒன்றைக் கட்டினார். வெளிக்காற்று புகாது. உள்ளே வரிசையாகத் தாள் திரைகள். ராபின்ஸின் முறையேதான். புரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், குண்டின் நீளம் எவ்வளவு, குழலின் அகலம் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். என்ஃபீல்டில் 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று முடிவு செய்து, அறுகோணக் குழலை அமைத்தார். 1857-இல் நடந்த போட்டிச் சோதனையில், 500 கஜ தூரத்தில் அவருடைய துப்பாக்கியின் சிதறல் என்ஃபீல்டின் சிதறலில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. ஆயினும், விரைவில் கரி படிகிறது, விலையும் மிகுதி என்று படை அதை ஏற்க மறுத்தது. செம்மை ஒன்றே போதாது. நம்பகமும் வேண்டும் என்பது அங்கே தெரிந்தது.

இந்த முரண்பாடு, 20-ஆம் நூற்றாண்டின் கருவியாகிய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் இன்னும் தெளிவாக விளங்கும். ஒருமுறை விசையை இழுத்தால் ஒரு குண்டு பாய்கிறது. அதன் பின்னுதைப்பே வெற்றுத் தோட்டாவை வெளியே எறிந்து அடுத்த தோட்டாவைக் குழலில் ஏற்றிவிடுகிறது. இதற்குப் பெயர் பெற்றவர் அமெரிக்கரான ஜான் பிரௌனிங். அவருடைய கைத்துப்பாக்கி 6,000 முறை சுட்டும் ஒருமுறையேனும் தடைப்படாமல் தேர்வில் வென்று, 1911 மார்ச் 29-ஆம் நாள் அமெரிக்கப் படையால் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. குழல் உடலோடு பற்றவைக்கப்பட்டதன்று. மேலே முன்னும் பின்னும் நழுவும் எஃகு உறையோடு அது பூட்டிக்கொள்கிறது. சுட்டவுடன் இரண்டும் சிறிது தூரம் சேர்ந்தே பின்னே செல்கின்றன. பிறகு குழலின் பின்முனை கீழே தாழ்ந்து விடுபடுகிறது. உறை மட்டும் முழுதும் பின்சென்று திரும்புகிறது. குறிபார்க்கும் முனைகள் இருப்பதோ அவ்வுறையின் மேல். ஆகவே, ஒவ்வொரு முறை சுட்டபிறகும் குழல், உறையைப் பொறுத்து, முன்பிருந்த இடத்துக்கே அணுவளவும் பிசகாமல் திரும்ப வேண்டும். குழலின் நீளம் 5 அங்குலம் என்க. அதன் முனை, தன்னைத் தாங்கும் வளையமாகிய புஷ்ஷுக்குள் ஓர் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு ஆடினால் என்ன ஆகும்? 25 கஜம் என்பது 900 அங்குலம். அது குழலின் நீளத்தைப் போல் 180 மடங்கு. ஆகவே, இலக்கில் பிழை ஏறத்தாழ இரண்டு அங்குலம்!

அப்படியானால் எல்லாவற்றையும் இறுக்கிவிடலாமே என்பீர்கள். இறுக்கினால், சேறும் தூசும் படிந்தபோது இயங்காது நின்றுவிடும். போர்வீரனுக்கு அது உயிருக்கு உலை. எனவே, படைக்குச் செய்தவற்றில் சற்று இடம் விட்டார்கள். போட்டியாளருக்குச் செய்யும் கம்மியர்களோ புஷ்ஷையும் பூட்டையும் கையால் அராவி இறுகப் பொருத்தினார்கள்.

இத்தகைய கைத்துப்பாக்கி சிதறிச் சுட்டால் அனுபவமுள்ளவர் என்ன செய்வார்? உடனே அதைக் கழற்றமாட்டார். முதலில் மணல் மூட்டையின்மேல் தாங்கிச் சுடுவார். பிறகு வேறொருவரிடம் கொடுத்துச் சுடச் சொல்வார். அடுத்து வேறு தோட்டாவை இட்டுப் பார்ப்பார். அதன் பின்னரே பார்வைக்குறி தளர்ந்திருக்கிறதா, புஷ் தேய்ந்திருக்கிறதா, குழல்வாயின் விளிம்பில் வடு உள்ளதா என்று ஒவ்வொன்றாக நோக்குவார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். இரண்டை ஒருங்கே மாற்றினால், திருந்தியது எதனால் என்று தெரியாமற்போகும். சுடுபவரிடம் குறை இருப்பதை அறியவும் ஓர் உபாயம் உண்டு. அவர் அறியாமல் வெடிக்காத தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார்கள். விசை விழுந்தும் வெடிக்காத அந்தக் கணத்தில் துப்பாக்கியின் முனை கீழே தாழ்ந்தால், வெடியோசைக்கு அஞ்சிக் கை முன்னதாகவே துணுக்குறுகிறது என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். 2012-இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டியில், 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் பிரிவில், இந்தியப் படையைச் சேர்ந்த விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் பெற்றார். நான்கே விநாடிகளில் ஐந்து இலக்குகளை ஐந்து குண்டுகளால் சுட வேண்டிய போட்டி அது. கருவியின் பிழையையும் கையின் பிழையையும் தனித்தனியே கண்டு களைந்தாலன்றி அது இயலுமா?

மாணவ நண்பர்களே! முடிக்குமுன் என் குறை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்கத்தில், என் வகுப்பில் ஒரு மாணவன் கணக்குகளைத் தவறாகவே போடுவான். மந்தபுத்தி என்று முடிவு கட்டிப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். ஓராண்டுக் காலம் பின் வரிசையிலேயே அமர்த்தினேன். ஒருநாள் அவனுடைய ஏட்டைப் பொறுமையாகப் படித்தபோது, அவன் செய்த பெருக்கலும் வகுத்தலும் முற்றிலும் சரியாக இருக்கக் கண்டேன். பலகையிலிருந்து எடுத்தெழுதிய எண்களே தவறு. 3-ஐ 8 என்றும், 1-ஐ 7 என்றும் எழுதியிருந்தான். அவனுக்குத் தூரப்பார்வை குறைவு. அவனுடைய பிழைகள் சிதறியவை அல்ல. எல்லாம் ஒரே பக்கம் விலகியவை. முகாமில் நான் கற்ற பாடத்தை வகுப்பறையில் மறந்துவிட்டேன். முன் வரிசைக்கு அழைத்துக் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்தபின் அவன் நன்றாகவே தேறினான். ஆனால், இழந்த ஓராண்டை நான் அவனுக்குத் திருப்பித் தர இயலவில்லை.

பிழையைக் கண்டவுடன் பழியை யார்மேல் போடலாம் என்று தேடுவது மனித இயல்பு. ராபின்ஸும் விட்வொர்த்தும் அவ்வாறு தேடவில்லை. துப்பாக்கியை அசையாது நிறுத்தினார்கள், திரையைத் தொங்கவிட்டார்கள், பிழை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். நீங்கள் நாளை பொறியாளராகலாம், மருத்துவராகலாம், ஆசிரியராகலாம். அப்போது உங்கள் முன் ஒரு பிழை வந்து நின்றால், தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஒரு தாள் திரையைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.